34 வருஷம் பேசாத கவிஞர்



இந்த மாசம் நம்ம சுவர் இதழில் 'மறைந்த மாமனிதர்' பகுதியை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. விஞ்ஞானி, விளையாட்டு வீரர், தலைவர் என்று எல்லாரையும் நண்பர்கள் எழுதிவிட்டார்கள். நான் ஒரு கவிஞரைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் தமிழ்க் கவிஞர் இல்லை. வங்காளத்துக்காரர். பேர் காஜி நஸ்ருல் இஸ்லாம். இவ்வளவு தூரத்து ஆளை எதுக்கு எழுதறேன்னு கேட்பீங்க. அதுக்குக் காரணம் எங்க தாத்தா. முதல்ல தாத்தாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லிட்டு, அப்புறம் கவிஞர்கிட்ட போறேன்.

கூத்துக்காரத் தாத்தா

எங்க தாத்தா (அம்மாவோட அப்பா) காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தெருக்கூத்து ஆடியவர். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் அவர்தான் துரியோதனன். சாயங்காலம் அரிதாரம் பூச உட்கார்ந்தார்னா விடிய விடியப் பாடுவார். படிச்சது மூணாம் வகுப்புதான். ஆனால் பாட்டு, விருத்தம், வசனம் எல்லாம் மனப்பாடம். ஒரு நாள்கூட ஏட்டைப் பார்த்துப் பாடியதில்லை.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு திருவிழா. திரைக்கு முன்னால வந்து நின்ன தாத்தாவுக்குப் பாட்டு வரல. மிருதங்கக்காரர் திரும்பத் திரும்ப அடிச்சார். பின்பாட்டுக்காரர் முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். தாத்தா அந்த ஒரே வரியையே சொல்லிக்கிட்டு நின்னார். கூட்டம் சிரிச்சது. குடிச்சுட்டு வந்திருக்கார்னு சிலர் சொன்னாங்க. எங்க தாத்தா குடிச்சதே கிடையாது.

அதுக்கப்புறம் வீட்டிலேயும் பேச்சு குறைஞ்சுபோச்சு. கரண்டியைக் கையில் வெச்சுக்கிட்டு அதோட பேர் தெரியாம முழிப்பார். செய்வினைன்னு யாரோ சொல்ல, எட்டு மாசம் தாயத்து, மந்திரம்னே போச்சு. கடைசியா அப்பா ஓசூர்ல இருந்து பெங்களூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மூளையில் நெற்றிப் பக்கமும் காதோரப் பக்கமும் சுருங்கிக்கிட்டே வருது, இது நோய், வேற எதுவும் இல்லைன்னு சொன்னார்.

ஒரு உண்மையைச் சொல்லணும். தாத்தா கரண்டிக்குப் பேர் தெரியாம முழிச்சப்போ நானும் சிரிச்சேன். அந்த வெட்கத்தோடதான் இதை எழுதறேன்.

எங்க தெருவில் சிப்காட் கம்பெனியில் வேலை செய்யற ஒரு வங்காளக் குடும்பம் குடியிருக்காங்க. அந்த அக்கா சாயங்காலத்தில் பாத்திரம் கழுவிக்கிட்டே ஒரு பாட்டு பாடுவாங்க. தாத்தா விஷயம் கேள்விப்பட்டதும், அந்தப் பாட்டை எழுதினவருக்கும் இப்படித்தான் ஆச்சுன்னு பாதி தமிழும் பாதி இந்தியுமா சொன்னாங்க. அன்னிக்கே நஸ்ருல் பத்தித் தேட ஆரம்பிச்சேன். படிச்சதை இங்கே எழுதறேன்.

துக்கு மியான்

காஜி நஸ்ருல் இஸ்லாம் 1899-ஆம் ஆண்டு மே 24 அன்று மேற்கு வங்காளத்தில் சுருலியா என்ற கிராமத்தில் பிறந்தார். ஆசன்சோல் நகரத்துக்குப் பக்கம். நம்ம ஓசூரில் எங்கே பார்த்தாலும் கம்பெனி இருக்கிற மாதிரி, அந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் நிலக்கரிச் சுரங்கம். அப்பா பள்ளிவாசலில் இமாமாக இருந்தார். நஸ்ருலுக்கு வீட்டில் வைத்த செல்லப் பேர் துக்கு மியான். துக்கம் என்ற சொல்லிலிருந்து வந்த பேர்.

அந்தப் பேருக்கு ஏற்ற மாதிரியே நடந்தது. 1908-இல் அப்பா இறந்துபோனார். அப்போ நஸ்ருலுக்கு 9 வயசு. குடும்பத்துக்காகப் பள்ளிவாசலில் வேலை செய்தார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு 'லேட்டோ' என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். லேட்டோ என்பது ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடும் கிராமக் கலை. நம்ம தெருக்கூத்து மாதிரின்னு வெச்சுக்கோங்க. அந்தச் சின்ன வயசிலேயே குழுவுக்குப் பாட்டும் நாடகமும் எழுதிக் கொடுத்தார். இதைப் படிச்சதும் எனக்கு தாத்தா ஞாபகம்தான் வந்தது.

ஆசன்சோலில் ஒரு ரொட்டிக் கடையிலும் அவர் வேலை பார்த்தார். நடுநடுவே பள்ளிக்கூடம். 1917-இல் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, கடைசிப் பரீட்சை எழுதாமலே ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். கராச்சி முகாமில் ஹவில்தார் ஆனார். அங்கே ஒரு மௌல்வியிடம் பாரசீகக் கவிதைகளைப் படித்தார். 1920-இல் படைப்பிரிவு கலைக்கப்பட்டதும் கல்கத்தாவுக்கு வந்தார்.

ஒரே ராத்திரியில் ஒரு கவிதை

1921 டிசம்பர் கடைசி வாரம். கல்கத்தாவில் ஒரு வாடகை அறை. ஒரே இரவில், பென்சிலால், நஸ்ருல் ஒரு நீளமான கவிதையை எழுதி முடித்தார். பேர் 'வித்ரோஹி'. கலகக்காரன் என்று அர்த்தம். 1922 ஜனவரியில் அது பத்திரிகையில் வந்ததும் வங்காளமே அதைப் பற்றிப் பேசியது. அப்போ அவருக்கு வயசு 22. அன்றிலிருந்து இன்றுவரை அவருக்குப் பட்டப்பேரே கலகக் கவி என்பதுதான்.

அதே வருஷம் ஆகஸ்டில் 'தூம்கேது' என்று சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார். தூம்கேது என்றால் வால்நட்சத்திரம். அதில் வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்து ஒரு கவிதை எழுதினார். போலீஸ் பிடித்துவிட்டது. 1923 ஜனவரியில் ஒரு வருஷக் கடுங்காவல் தண்டனை. ஹூக்ளி சிறையில் கைதிகளை மோசமாக நடத்தினார்கள் என்று உண்ணாவிரதம் இருந்தார். கிட்டத்தட்ட 40 நாள்! உண்ணாவிரதத்தை விடச் சொல்லி ரவீந்திரநாத் தாகூரே தந்தி அனுப்பினார். ஆனால் தந்தி வேறு சிறைக்குப் போனதால் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவர் சிறையில் இருந்த அந்த நேரத்தில்தான் தாகூர் தன்னுடைய 'வசந்த' என்ற இசை நாடகத்தை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார்.

1924-இல் பிரமீளா தேவியைக் கல்யாணம் செய்துகொண்டார். இவர் முஸ்லிம், அவர் இந்துக் குடும்பம். ரெண்டு பக்கமும் எதிர்ப்பு. நஸ்ருல் அதுக்கெல்லாம் மசியவில்லை. காளி மாதா மேலேயும் பக்திப் பாட்டு எழுதினார். இஸ்லாமியப் பக்திப் பாட்டும் எழுதினார். ரெண்டையும் இன்னிக்கும் வங்காளிகள் பாடுகிறார்கள்.

பாட்டு மழை

1928-க்குப் பிறகு கிராமபோன் கம்பெனிக்காகப் பாட்டு எழுத ஆரம்பித்தார். எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடகர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவரே. பிறகு கல்கத்தா வானொலியிலும் வேலை. மொத்தம் 3,000 பாட்டுக்கு மேல்! கஜல் பாணியை வங்காளப் பாட்டில் புகழ்பெற வைத்தவரும் அவர்தான். அவருடைய பாட்டுகளுக்குத் தனியாகவே 'நஸ்ருல் கீதி' என்று பேர்.

இதெல்லாம் சந்தோஷமாக இருந்துகொண்டு செய்த வேலை இல்லை. 1930-இல் புல்புல் என்ற சின்ன மகன் பெரியம்மை வந்து இறந்துபோனான். 1939 வாக்கில் பிரமீளாவுக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. வைத்தியச் செலவு, கடன். ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. 1941 ஆகஸ்டில் தாகூர் இறந்தபோது, நஸ்ருல் ஒரு இரங்கல் கவிதை எழுதி வானொலியில் தன் குரலிலேயே படித்தார்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

1942 ஜூலை

1942 ஜூலை மாசம். நஸ்ருலுக்கு 43 வயசு. திடீரென்று நாக்கு தடுமாறியது. குரல் போனது. கொஞ்ச நாளில் யார் என்ன சொன்னாலும் புரியாத நிலைமை. ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதிய கைக்கு எழுத்து வரவில்லை. அவருக்கு என்ன நோய் என்றே யாருக்கும் தெரியவில்லை. மனநல மருத்துவமனையில் சில மாசம் வைத்துப் பார்த்தார்கள். குணமாகவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 10 வருஷம் இப்படியே போனது. நாடு விடுதலை அடைந்தது. விடுதலைக்காகச் சிறைக்குப் போன கவிஞருக்கு அது தெரிந்ததா என்று சொல்ல ஆள் இல்லை.

1952-இல் ராஞ்சி மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பலன் இல்லை. அப்புறம் அன்பர்கள் பணம் திரட்டி 1953 மே மாதம் அவரையும் பிரமீளாவையும் லண்டனுக்கு அனுப்பினார்கள். லண்டன் டாக்டர்களுக்குள் ஒரே கருத்து வரவில்லை. டிசம்பரில் வியன்னாவுக்குப் போனார்கள். அங்கே ஹான்ஸ் ஹோஃப் என்ற டாக்டர் மூளையின் ரத்தக்குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்தார். பிக் நோய் என்று சொன்னார். மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சுருங்கிவிட்டன, குணப்படுத்த வழி இல்லை என்றும் சொன்னார். அதே மாதம் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார்கள்.

முன்பகுதியும் பக்கப்பகுதியும்! எங்க தாத்தாவுக்குப் பெங்களூர் டாக்டர் சொன்னதும் அதேதான். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கண்ணீர் வந்துடுச்சு.

கொஞ்சம் அறிவியல்: தெரிஞ்சுக்கோங்க!

1892-இல் ப்ராக் நகரத்தில் ஆர்னால்டு பிக் என்ற டாக்டர் இந்த நோயை முதலில் விவரித்தார். அதனால்தான் அந்தப் பேர். வயசானவர்களுக்கு வரும் அல்சைமர் நோய் வேறு. அதில் முதலில் போவது பெரும்பாலும் ஞாபகம். பிக் நோய் வகையில் முதலில் போவது பேச்சு, இல்லாவிட்டால் குணம். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று கத்துவார். கூச்சப்பட்டவர் கூச்சம் இல்லாமல் நடந்துகொள்வார். 45 வயசிலிருந்து 65 வயசுக்குள்ளேயே வரலாம். அதனால்தான் வீட்டில் நோய் என்று நினைக்காமல் திமிர், குடி, பைத்தியம், பேய் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நஸ்ருல் காலத்தில் சி.டி. ஸ்கேன் கிடையாது. அது 1971-இல்தான் வந்தது. அதனால் நோயைக் கண்டுபிடிக்கவே 11 வருஷம் ஆனது. இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் 10 வருஷத்துக்கு மேல் இருப்பதில்லை. நஸ்ருல் 34 வருஷம் இருந்தார். அதனால் வியன்னா டாக்டர் சொன்னது சரிதானா என்று கேட்கும் டாக்டர்களும் இன்று உண்டு. ஆனால் அவர் மூளை கெட்டதில் சந்தேகம் இல்லை.

கலைஞர்களுக்கு வரும்போது இந்த மாதிரி நோய்கள் ஒவ்வொருத்தரிடமும் ஒவ்வொன்றைப் பறிக்கின்றன. மூளையில் எந்த இடம் கெடுகிறதோ அந்த இடத்து வேலை நிற்கும். பிரான்ஸ் நாட்டு இசையமைப்பாளர் ராவெல் ஒரு உதாரணம். 'பொலேரோ' என்ற புகழ்பெற்ற இசையை அமைத்தவர். 1933 வாக்கில் அவர் மனசுக்குள் இசை கேட்டது, ஆனால் அதைத் தாளில் எழுத முடியவில்லை. 1937-இல் இறந்துபோனார். லண்டனில் வாழ்ந்த ஓவியர் உட்டர்மோலனுக்கு 1995-இல் அல்சைமர் என்று தெரிந்தது. அவர் அதற்குப் பிறகும் தன் முகத்தையே வருஷா வருஷம் வரைந்தார். ஒவ்வொரு படத்திலும் கண்ணும் மூக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறி, கடைசியில் முகமே அழிந்துபோனது. நஸ்ருலுக்குப் போனது சொல். சொல்தான் அவருடைய சொத்து. அது போனதும் எல்லாம் நின்றது.

பேசாத 34 வருஷம்

நோய்க்குப் பிறகும் பட்டங்கள் வந்தன. 1945-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1960-இல் இந்திய அரசு பத்ம பூஷண் கொடுத்தது. தான் நடக்க முடியாத நிலையிலும் கணவரைக் கவனித்துக்கொண்ட பிரமீளா 1962-இல் இறந்தார். அவரைச் சுருலியாவில் அடக்கம் செய்தார்கள்.

1971-இல் வங்கதேச விடுதலைப் போர் நடந்தது. போராடியவர்கள் நஸ்ருல் பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். அவர் எழுதிய ஒரு அணிவகுப்புப் பாட்டு அந்த நாட்டுப் படையின் பாட்டாகவே ஆனது. அந்தப் பாட்டை எழுதியவர் அப்போ உயிரோடுதான் இருந்தார். ஆனால் அதில் ஒரு வரிகூட அவரால் பாட முடியாது. யோசிச்சுப் பாருங்க நண்பர்களே!

1972 மே 24, அவருடைய பிறந்த நாள் அன்று, இந்திய அரசின் சம்மதத்தோடு அவரை டாக்காவுக்கு அழைத்துப் போனார்கள். 1976-இல் அந்த நாட்டுக் குடியுரிமையும் கொடுத்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டு 29 அன்று டாக்காவில் காலமானார். வயசு 77. டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசல் பக்கத்தில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இன்று அவர் வங்கதேசத்தின் தேசியக் கவி. நம்ம நாட்டில் ஆசன்சோலில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும், பக்கத்தில் அண்டாலில் ஒரு விமான நிலையத்துக்கும் அவர் பேர்தான்.

கணக்குப் போட்டேன். அவர் நல்லபடியாக எழுதியது சுமார் 22 வருஷம். பேசாமல் இருந்தது 34 வருஷம். ஆனாலும் அந்த 22 வருஷத்துப் பாட்டு இன்னிக்கு ஓசூரில் எங்க தெரு வரைக்கும் வந்திருக்கு. எப்படி?

காரணம், அவர் பாட்டை மத்தவங்ககிட்ட கொடுத்து வெச்சிருந்தார். புத்தகத்தில் இருந்தது, இசைத்தட்டில் இருந்தது, பாடகர்கள் தொண்டையில் இருந்தது. அப்படியும் ஒரு சிக்கல் வந்தது. நஸ்ருல் பேச முடியாமல் போனதும், ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மெட்டில் பாட ஆரம்பித்தார்கள். எது சரியான மெட்டு என்று கேட்டால் சொல்ல வேண்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், ஆனால் சொல்ல முடியாது. பிறகு பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, அதைக் கேட்டுத்தான் மெட்டுகளைத் திருத்தி எழுதினார்கள். 1985-இல் டாக்காவில் தொடங்கிய நஸ்ருல் நிறுவனம் இந்த வேலையைச் செய்தது.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. எங்க தாத்தாவுக்கு இசைத்தட்டு ஏது? புத்தகம் ஏது? அவர் பாட்டு முழுக்க அவர் தலைக்குள்ள மட்டும்தான் இருந்தது. அந்த இடமே இப்போ சுருங்கிக்கிட்டு வருது.

இப்போ நான் செய்வது

நானும் அம்மாவும் போன லீவுக்கு ஊருக்குப் போனோம். தாத்தாவோட ஆடின பின்பாட்டுக்காரர் வீட்டுக்குப் போய், துரியோதனன் பாட்டு அவருக்குத் தெரிஞ்ச வரைக்கும் பாடச் சொல்லி செல்போனில் பதிவு செஞ்சேன். ஒரு நோட்டில் எழுதவும் செஞ்சேன். 14 பாட்டு கிடைச்சது. அதுக்கு மேல தனக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டார். மீதி தாத்தாவோடதான்.

வீட்டுக்கு வந்து தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போட்டுக் காட்டினேன். தாத்தா ஒண்ணும் பேசல. என்னைப் பார்க்கவும் இல்லை. ஆனா கட்டில் சட்டத்தில் விரலால தாளம் தட்டினார். பின்பாட்டுக்காரர் ஒரு இடத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார். அந்த இடத்தில் தாத்தா விரல் அவசரப்படல. தன் கணக்குலேயே போச்சு. பேர் எல்லாம் போனாலும் தாளம் இன்னும் போகல. அந்தத் தாளத்தையும் நோட்டில் கோடு போட்டுக் குறிச்சு வெச்சிருக்கேன்.

நண்பர்களே, இந்த நோய்க்கு இன்னும் மருந்து இல்லை. கவனிப்புதான் மருந்து. உங்க வீட்டிலேயும் தாத்தா, பாட்டி, பெரியப்பா யாராவது திடீர்னு பேர் மறந்தா, பேச்சு குறைஞ்சா, குணம் மாறினா தயவுசெய்து சிரிக்காதீங்க. தாயத்துக்குப் போகறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போங்க. எங்களுக்கு எட்டு மாசம் வீணாப்போச்சு.

இன்னொண்ணு. நம்ம மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலேயும் பாட்டு தெரிஞ்ச பெரியவங்க வீட்டுக்கு வீடு இருக்காங்க. நாத்து நடும் பாட்டு, தாலாட்டு, கூத்துப் பாட்டு எதுவானாலும் சரி, அவங்க நல்லா இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. எழுதினதை இந்தச் சுவர் இதழுக்குக் கொடுங்க. அடுத்த மாசம் போடலாம்.



இப்படிக்கு,
10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி